பட்டறைப் பக்கம்: குழல் முனையில் ஈயப் பற்று

போன இதழில் துப்பாக்கிக் குழலைச் சுத்தம் செய்வது பற்றி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் நிறையப் பேர் கேட்டிருப்பது குழலைப் பற்றி அல்ல, அதன் நுனியில் குறி பார்ப்பதற்காக உட்கார்ந்திருக்கும் முன் சைட்டைப் பற்றி. அதனால் இந்த முறை முழுக்க அதுதான்.

கேள்வி: தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு வந்து, இப்போது முறைப்படி என் உரிமத்தில் ஏறியிருக்கும் .22 ரைஃபிள் ஒன்று என்னிடம் இருக்கிறது. இங்கிலாந்து தயாரிப்பு. கிளப்பில் 50 மீட்டர் சுடுவதற்கு மட்டும் பயன்படுத்துகிறேன். குழல் முனையில் சரிவான ஒரு இரும்புக் கட்டை, அதன் மேல் மெல்லிய தகடு, இதுதான் முன் சைட். திருகு எதுவும் இல்லை, ஈயத்தால் பற்றவைத்திருப்பதாகத் தெரிகிறது. கட்டையின் பின் விளிம்பில் முடி போல ஒரு விரிசல் விட்டு, கட்டைவிரலால் தள்ளினால் லேசாக ஆடுகிறது. தகடும் மழுங்கிவிட்டது. மொத்தமாகப் புதுசு மாற்றலாம் என்று இருக்கிறேன். கப்பலூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் பழக்கமான அண்ணன் ஒருவர், "கொண்டு வா, கேஸ் வைத்துப் பித்தளையில் பற்றவைத்துத் தருகிறேன், ஆயுசுக்கும் அசையாது" என்கிறார். கொடுக்கலாமா?
— வாசகர், திருமங்கலம்

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. அந்த அண்ணன் நல்ல வேலைக்காரராகவே இருக்கட்டும், இது அவர் செய்யக்கூடிய வேலை இல்லை.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும். லேத் இருக்கிறது, கை சுத்தம் என்பதெல்லாம் அங்கே செல்லாது. உரிமம் உள்ள கடைக்கு நீங்களே எடுத்துப் போங்கள். போக முடியாமல் வேறொருவரிடம் கொடுத்து அனுப்புவதானால், பழுது பார்க்கத்தான் கொண்டு போகிறார் என்று உங்கள் கைப்பட எழுதிக் கொடுத்த அதிகாரக் கடிதம் அவர் கையில் இருக்க வேண்டும், 3ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. சும்மா ஆட்டோவில் ஏற்றி விட்டு "அண்ணன் வாங்கிக்கொள்வார்" என்றால் மாட்டப் போவது இரண்டு பேரும்.

சரி, இப்போது இரும்புக்கு வருவோம். பித்தளைப் பற்று உருக 900 டிகிரி பக்கம் போக வேண்டும். எஃகு 700 தாண்டும்போதே கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியும், 727 டிகிரியில் அதன் உள்ளமைப்பே மாறத் தொடங்கிவிடும். வெளியே சிவக்கிற இடத்தில் உள்ளேயும் சிவக்கும், காற்றுப் பட்ட உள்சுவரில் செதில் செதிலாகக் கறுப்புத் துருப் படலம் கட்டும். .22 குழலின் உள்ளே ஓடும் சுழல் பள்ளத்தின் ஆழம் 0.1 மி.மீ. கூட இருக்காது. அதன் மேல் செதில் கட்டினால் என்ன மிஞ்சும்? அதுவும் எந்த இடத்தில்? குண்டு குழலைவிட்டு வெளியே போகும்போது கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் அந்த நுனி அங்குலத்தில். சைட் உடைந்தால் இன்னொன்று செய்துகொள்ளலாம், குழல் நுனி போனால் அந்தத் துப்பாக்கியின் குறி போனதுதான். நான் நாற்பது வருடம் உரிமம் உள்ள பட்டறையில் பெஞ்சில் உட்கார்ந்தவன். இந்த வேலையைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது முழுக்க இதுதான்: சைட்டை ஒட்டுவது இரண்டாவது, குழலைக் காப்பாற்றுவது முதலாவது.

"ஈயம் தாங்குமா" என்று எல்லோருக்கும் ஒரு சந்தேகம் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் கட்டையின் அடிப்பாகம் 50 மி.மீ. நீளம், 8 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால் 400 சதுர மி.மீ. பரப்பு. ஈயப் பற்று சதுர மி.மீட்டருக்கு 2 கிலோதான் இழுவை தாங்கும் என்று ரொம்பவே குறைத்து வைத்தாலும் 800 கிலோ வருகிறது. .22 கொடுக்கிற உதையெல்லாம் அதற்கு ஒன்றுமே இல்லை. அப்படியும் ஏன் ஆடுகிறது என்றால், முதலில் பற்றவைத்தபோது கட்டையின் அடி முழுவதும் ஈயம் பிடித்திருக்காது. விளிம்பில் மட்டும் ஓடி, நடுவில் வெறும் எண்ணெயும் அழுக்கும் இருந்திருக்கும். கழற்றிப் பார்த்தால் தெரியும். நான் கழற்றிய ஆடும் சைட்டுகளில் பெரும்பாலும் நடுவில் ஒரு கறுப்புத் தீவு இருந்தது, ஈயம் அதைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது.

நீங்கள் கடையில் கொடுக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க விட்டால் பாருங்கள். என்ன நடக்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருப்பது நல்லது, அதற்காகத்தான் நீட்டி எழுதுகிறேன்.

குண்டறை காலியா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். போல்ட்டைக் கழற்றி, மரக்கட்டையைப் பிரித்து, குழலைத் தனியாக எடுக்க வேண்டும். பழைய சைட்டைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு அளவு எடுத்து எழுதி வைக்க வேண்டும். குழல் வாயிலிருந்து கட்டையின் முன் விளிம்பு எவ்வளவு தூரம், குழலின் அடிப்பக்கத்திலிருந்து தகட்டின் உச்சி எவ்வளவு உயரம். வெர்னியரில் எடுத்துத் தாளில் எழுதுங்கள், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து, கட்டைக்கு அடியில் ஆணியோ மறைந்த திருகோ இருக்கிறதா என்று தேட வேண்டும். பழைய ஆட்கள் திருகைப் போட்டு, அதன் தலையைச் சமமாக ராவி, மேலே நீலம் (துருப் பிடிக்காமல் இரும்புக்கு ஏற்றும் நீலக் கறுப்புப் பூச்சு) ஏற்றிவிடுவார்கள், வெளியே தெரியவே தெரியாது. இணைப்பில் தெரிகிற உலோகத்தைப் பேனாக் கத்தி முனையால் கீறிப் பாருங்கள். வெண்ணெய் மாதிரி இழுத்துக்கொண்டு சாம்பல் பளபளப்பு தெரிந்தால் ஈயம். கத்தி வழுக்கி, லேசாக மஞ்சள் ஓடித் தெரிந்தால் அது வெள்ளிப் பற்று. நம் ஆசாரிகள் வெங்காரம் தடவிப் பொடி வைத்து ஊதுவார்களே, அந்த இனம். அதை இளக்க 600 டிகிரிக்கு மேல் வேண்டும். அப்படி இருந்தால் சூடு காட்டிக் கழற்றுகிற யோசனையை விட்டுவிட்டு, கட்டையை ராவி எடுக்கச் சொல்லுங்கள். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

ஈயம் என்றால் சிறிய கையடக்க கேஸ் டார்ச் போதும். ஆக்சிஜன், அசிட்டிலின் வேண்டவே வேண்டாம். அந்தச் சுடர் 3,000 டிகிரிக்கு மேல், கண் இமைக்கிற நேரத்தில் ஒரு புள்ளியில் மட்டும் எரித்துவிடும். சுடரைக் கட்டையின் மேல் காட்ட வேண்டும், ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் விளிம்பில் ஈயம் கண்ணீர் மாதிரி மினுங்கும். அப்போது மரத்துண்டால் பக்கவாட்டில் தள்ளினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். வராவிட்டால் நெம்பக் கூடாது, சுத்தியலும் கூடாது. வராததற்கு ஒரு காரணம் இருக்கும், அதைத் தேட வேண்டும்.

கட்டை வந்ததும் குழலில் மிஞ்சிய ஈயத்தைச் சூடு ஆறுவதற்குள் பருத்தித் துணியால் ஒரே இழுப்பாகத் துடைத்தால் வெள்ளிப் பூச்சு மாதிரி மெல்லிய படலம் நிற்கும். அதை ராவி எடுக்க வேண்டாம். கறுப்பாக இருக்கும் இடத்தை மட்டும் எமரித் தாளால் தேய்த்து வெள்ளை இரும்பைக் கொண்டுவர வேண்டும்.

இனி புதுக் கட்டை. அதன் அடிவளைவு குழலின் வளைவோடு பொருந்த வேண்டும். நடுவே வெளிச்சம் தெரிந்தால் அது ஈயத்தால் நிரப்புகிற இடைவெளி அல்ல, ஏனென்றால் ஈயம் மெல்லிசாக இருக்கும்போதுதான் பலம், ஒரு தாள் கனத்துக்கு மேல் போனால் அதுவே பலவீனம். குழலைவிட ஒரு துளி சிறிய உருளைக் கம்பியில் எமரித் துணியைச் சுற்றி, கட்டையை அதன் மேல் முன்னும் பின்னும் தேய்த்துப் பொருத்துவோம். குழலில் நீல மை தடவிக் கட்டையை வைத்து எடுத்தால், மை பட்ட இடம்தான் தொடுகிற இடம். அடி முழுவதும் மை படும்வரை தேய்ப்பு. எங்கள் மேஸ்திரி இதில் ஒரு முழுக் காலையைச் செலவழிப்பார், அடுப்புப் பக்கம் போவது மத்தியானம்தான்.

பிறகு ஈயம் ஏற்றுதல். கட்டையின் அடியில் தனியாக, குழலில் அந்த இடத்தில் தனியாக. இரண்டும் முழுசாக வெள்ளிபோல் மூடிய பிறகுதான் ஒன்றின் மேல் ஒன்று. குழலில் கட்டை உட்காரும் இடத்தைச் சுற்றி மெத்தென்ற பென்சிலால் கனமாக ஒரு கரை போட்டுவிட்டால், கரி பட்ட இடத்தில் ஈயம் பிடிக்காது, வழிந்து அசிங்கமாகாது. எனக்குத் தெரிந்து இந்த வேலையில் செலவே இல்லாமல் இவ்வளவு உபயோகமான வேறு சாமான் கிடையாது.

எந்த ஈயம் என்றால், வானொலிப் பெட்டிக்கு வைக்கிற 60/40 (வெள்ளீயம் 60, காரீயம் 40 பங்கு) கூடப் போதும், அது 183இல் இளகி 190இல் முழுக்க நீராகும். நான் விரும்புவது வெள்ளீயத்தோடு நூற்றுக்குச் சுமார் 4 பங்கு வெள்ளி சேர்ந்த கம்பி. காரீயம் இல்லை, இன்னும் உறுதி, 221 டிகிரியில் உருகும். குழலுக்கு இந்தச் சூடெல்லாம் ஒன்றும் செய்யாது. சூடு எங்கே இருக்கிறது என்பதற்கு எஃகே அடையாளம் காட்டும். துடைத்த வெள்ளை இரும்பில் வெளிர் வைக்கோல் நிறம் வந்தால் 220 தொட்டாயிற்று, ஊதாவுக்குப் போனால் 280, நல்ல நீலம் என்றால் 300 பக்கம். ஈய வேலையில் நீலம் வரைக்கும் போக வேண்டிய தேவையே இல்லை, வந்துவிட்டால் சுடரை எடுத்துவிட வேண்டியதுதான்.

இடத்தில் வைத்து மெல்லிய இரும்புக் கம்பியால் கட்டி, நேராக நிற்கிறதா என்று பார்ப்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். கட்டை ஒரே ஒரு டிகிரி சாய்ந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? குழல் மையத்திலிருந்து தகட்டின் உச்சி 20 மி.மீ. என்றால் உச்சி 0.35 மி.மீ. பக்கவாட்டில் நகரும். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே 600 மி.மீ. என்றால் 50 மீட்டரில் அது 29 மி.மீ. விலகல். 50 மீட்டர் அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மி.மீ.தான். ரசமட்டத்தைத் துப்பாக்கி உடலின் தட்டையான பாகத்தில் வைத்து நிலைப்படுத்திவிட்டு, பின்னாலிருந்து ஒரு கண்ணால் பின் சைட் வழியாகப் பார்த்துச் சரி செய்ய வேண்டும். ஒருவர் பார்த்த பிறகு இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பற்றவைத்து முடிந்ததும் தொடக் கூடாது. தண்ணீர் ஊற்றக் கூடாது, ஊதக் கூடாது. 60/40 உறைகிற அந்த ஏழு டிகிரி இடைவெளியில் அது கூழ் மாதிரி இருக்கும், அப்போது அசைந்தால் உள்ளே மணல் மணலாக உறைந்து பிடிப்பே இருக்காது. நாங்கள் வைத்துவிட்டு டீக்குப் போய்விடுவோம்.

உயரம் ஒன்று பாக்கி. புதுத் தகடு பழசைவிட உயரமாகவே இருக்க வேண்டும், வேண்டுமென்றே. முன் சைட் உயர்ந்தால் குண்டு கீழே விழும், ராவித் தாழ்த்தினால் மேலே ஏறும். கீழே விழுகிற அளவை சைட் இடைவெளியால் பெருக்கி, தூரத்தால் வகுத்தால் எவ்வளவு ராவ வேண்டும் என்று வந்துவிடும். 50 மீட்டரில் 75 மி.மீ. கீழே விழுந்தால், 75ஐ 600ஆல் பெருக்கி 50,000ஆல் வகுத்தால் 0.9 மி.மீ. ஆனால் ஒரேயடியாக 0.9 ராவிவிடாதீர்கள். 0.1 மி.மீ. ராவினாலே அட்டையில் 8 மி.மீ.க்கு மேல் ஏறும். பாதி ராவி, ஐந்து குண்டு சுட்டு, மறுபடி கணக்குப் போட்டு, மீண்டும் கொஞ்சம். ராவியதைத் திரும்ப வைக்க முடியாது.

கடைசியாக, கட்டையை ஒட்டியிருக்கும் குழலில் இலக்கமோ முத்திரையோ இருந்தால் அதன் மேல் அரமோ பாலிஷ் சக்கரமோ படக் கூடாது. அடையாளக் குறியை அழிப்பது தனிக் குற்றம், அழகுக்காகச் செய்தேன் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள்.

கேள்வி: எங்கள் அப்பா சைக்கிள் கேரியரில் துருத்தியைக் கட்டிக்கொண்டு "ஈயம் பூசலையோ" என்று சிம்மக்கல் பக்கமெல்லாம் சுற்றியவர். பித்தளை அண்டா, குண்டாவுக்கு நவச்சாரம் தூவி, ஈயத்தைத் தொட்டு, பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றினால் உள்ளே நிலா மாதிரி ஆகிவிடும். இரும்பில் ஈயம் ஏற்றுவதும் அதே வேலைதானா? நவச்சாரம் போதுமா?
— வாசகர், சிம்மக்கல்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்த வெள்ளைப் புகையின் காரம் எனக்கு மூக்கில் ஏறிவிட்டது. ஆமாம், அதே வேலைதான். உங்கள் அப்பா ஒரு அண்டாவின் உள்பக்கம் முழுவதும் செய்ததை நாங்கள் கட்டைவிரல் அகலத்தில் செய்கிறோம்.

சூடான உலோகத்தின் மேல் காற்றுப் பட்டதும் ஒரு மெல்லிய துருப் படலம் வந்துவிடும், அதன் மேல் ஈயம் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடும். நவச்சாரம் சூட்டில் பிரிந்து அம்மோனியாவும் அமிலமும் ஆகிறது, அந்த அமிலம் படலத்தைத் தின்றுவிடுகிறது, அந்த நொடியில் ஈயம் போய் ஒட்டிக்கொள்கிறது. இரும்பில் படலம் பிடிவாதமானது, அதனால் நாங்கள் துத்தநாகத் துண்டுகளை அமிலத்தில் பொங்கி அடங்கும்வரை போட்டுச் செய்த திரவத்தைத் தடவுவோம், அதில் ஒரு சிட்டிகை நவச்சாரம் கலந்தால் இன்னும் நன்றாக ஓடும்.

ஒரு வித்தியாசம் உண்டு. அண்டாவை வேலை முடிந்ததும் கழுவிக் கவிழ்த்துவிடுவீர்கள். துப்பாக்கியில் இந்தத் திரவம் இடுக்கில் ஒரு சொட்டு நின்றாலும் ஒரே வாரத்தில் துரு பூக்கும். சமையல் சோடா கரைத்த வெந்நீரில் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ஈரம் போகக் காயவைத்து, எண்ணெய் போட வேண்டும். எட்டாம் நாள் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். இணைப்பு ஓரத்தில் பழுப்புக் கோடு தெரிந்தால் திரும்பக் கழுவு.

உங்கள் வீட்டில் அந்தத் துருத்தி இன்னும் இருந்தால், யாராவது பாத்திரம் கொண்டுவந்தால், தயவுசெய்து பாத்திரத்துக்குள் சுத்த வெள்ளீயம் மட்டும். கடையில் விற்கும் பற்றவைக்கிற கம்பியில் காரீயம் இருக்கிறது, அது சோற்றோடு வயிற்றுக்குப் போகக் கூடாத விஷம்.

கேள்வி: என்னுடையது இரட்டைக் குழல் துப்பாக்கி. இரண்டு குழலுக்கும் நடுவே ஓடும் பட்டையின் நுனியில் முன் சைட் இருக்கிறது, அதுவும் ஆடுகிறது. இதற்கும் சூடு காட்டி ஈயம் வைக்கலாமா?
— வாசகர், வாடிப்பட்டி

பதில்: இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு பழைய வலி இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், மேஸ்திரி ஊருக்குப் போயிருந்த நேரம், ஒரு பெரியவர் இதே மாதிரி இரட்டைக் குழலைக் கொண்டுவந்தார். இரண்டு வருடத்தில் எல்லாம் கற்றுவிட்டதாக நினைத்து டார்ச்சை எடுத்தேன். சைட் இளகியது, நல்லபடியாகத் திரும்ப வைத்தேன், ஆறியது. கையில் எடுத்தால் முனையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு மேல் பட்டை குழலைவிட்டு நகக்கண் அளவு தூக்கிக்கொண்டு நின்றது. ஏனென்றால் அந்தப் பட்டையே இரண்டு குழலுக்கும் நடுவே ஈயத்தால்தான் ஒட்டியிருக்கிறது, நான் சைட்டுக்குக் காட்டிய சூடு அதையும் இளக்கிவிட்டது. மேஸ்திரி வந்து திட்டவில்லை. குழல்களை ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டினார். பட்டை சரியாக இருந்தால் மணி மாதிரி நின்று ஒலிக்கும். அது தகரம் மாதிரி "டப்" என்றது. மொத்தப் பட்டையையும் எடுத்து, சுத்தம் செய்து, முழு நீளத்துக்கும் மறுபடி ஈயம் வைத்து முடிக்க எங்களுக்குப் பதினொரு நாள் ஆனது. அந்தப் பதினொரு நாளும் அந்தப் பெரியவர் தினம் வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், அவர் அப்பா கொடுத்த துப்பாக்கி அது.

ஆகவே இரட்டைக் குழலில் நுனியில் சூடு கூடவே கூடாது. பெரும்பாலும் முன் சைட்டாக நிற்கும் அந்தச் சின்ன உருண்டை மணி திருகாகத்தான் இருக்கும், மரை தேய்ந்திருந்தால் ஒரு அளவு பெரிய மரை போட்டுப் புது மணி வைக்கலாம். நீங்களும் வீட்டில் அந்த நூல் சோதனையைச் செய்து பாருங்கள், மரக்கட்டையைக் கழற்றிவிட்டுக் குழலை மட்டும் தொங்கவிட வேண்டும்.

இன்னொன்று, யாராவது "நீலம் மங்கியிருக்கிறது, காஸ்டிக் தொட்டியில் போட்டுப் புதுசாக்கித் தருகிறேன்" என்றால் கொடுக்காதீர்கள். அந்தக் கொதிக்கும் காரம் ஈயத்தைத் தின்றுவிடும், பட்டை தானாகக் கழன்று கையில் வரும். ஈயம் வைத்த குழலுக்குத் துருவேற்றித் துடைத்துச் செய்கிற பழைய முறை நீலம்தான் பொருந்தும். திருமங்கலம் தம்பிக்கும் இது சேர்த்துத்தான்.

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சிக்குப் போகிறாள். புதிது வாங்க வசதி இல்லாமல், ஒருவர் பயன்படுத்திய போட்டி ரைஃபிள் ஒன்றை விலைக்கு வாங்கினோம், காற்று நிரப்பும் சிலிண்டர் உள்ளது. முன்னால் இருக்கும் குழாய் மாதிரியான சைட் லேசாக ஆடுகிறது. கடைக்காரர் ஒருவர் சால்டர் வைத்துவிடலாம் என்றார். செய்யலாமா ஐயா? இதற்கும் உரிமம் அது இது என்று உண்டா?
— ஒரு தாய், கே.புதூர்

பதில்: வேண்டாம் அம்மா, அந்த ரைஃபிள் பக்கத்தில் நெருப்பே வேண்டாம். குழலுக்குக் கீழே இருக்கிற அந்தச் சிலிண்டரில் 200 பார் அளவுக்குக் காற்று அடைத்திருப்பார்கள், லாரி டயரில் இருப்பதைப் போல இருபது மடங்குக்கு மேல். சூட்டை அதன் பக்கத்தில் கொண்டுபோவது பற்றிப் பேசக்கூடக் கூடாது. உள்ளே ரப்பர் வளையங்களும் இருக்கின்றன, சூட்டில் அவை இறுகிக் காற்று கசியும்.

நல்ல செய்தி, அதற்கு ஈயம் தேவையே இல்லை. இந்த வகைச் சைட் ஒரு தண்டவாளம் போன்ற பள்ளத்தில் ஏறி, பக்கவாட்டுத் திருகால் இறுகுவது. ஆடுகிறது என்றால் ஒன்று பள்ளத்தில் எண்ணெய் இருக்கும், அல்லது திருகின் மரை தளர்ந்திருக்கும். சைட்டைக் கழற்றி, பள்ளத்தையும் அதன் அடியையும் ஸ்பிரிட் நனைத்த துணியால் எண்ணெய் போகத் துடைத்து, திருகில் மரையைப் பிடித்து வைக்கும் நீலப் பசை ஒரே ஒரு சொட்டு விட்டு இறுக்கச் சொல்லுங்கள். திருகு தேய்ந்திருந்தால் அதே அளவில் புதுத் திருகு.

சின்ன ஆட்டம்தானே என்று விட்டுவிடாதீர்கள். 10 மீட்டர் அட்டையில் பத்து என்பது வட்டம்கூட இல்லை, 0.5 மி.மீ. புள்ளி. உங்கள் மகளின் ரைஃபிளில் இரண்டு சைட்டுக்கும் நடுவே 700 மி.மீ. இருக்கும் என்று வைத்தால், முன் சைட் 0.05 மி.மீ. அசைந்தாலே அட்டையில் 0.7 மி.மீ. தள்ளிப் போகும், புள்ளியின் அகலத்தைவிட அதிகம். குழந்தை மூச்சைப் பிடித்து, சரியாக நின்று, சரியாகச் சுட்டும் ஒன்பது விழுந்தால் தன் கைமேல்தான் சந்தேகப்படுவாள். அந்தச் சந்தேகத்தைப் பிறகு எடுப்பதுதான் கஷ்டம். இந்த வாரமே சரி செய்யுங்கள். மறுபடி மாட்டிய பின் ஐந்து ஐந்தாகச் சுட்டுப் பின் சைட்டைத் திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கட்டும்.

உரிமம் பற்றிக் கேட்டீர்கள். 2016ஆம் வருட ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. அளவுக்கு மேல் போகாத, 20 ஜூலுக்கு மேல் ஆற்றல் காட்டாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டியதில்லை. போட்டி ரைஃபிள்கள் அதற்குள்தான் வரும். வாங்கிய ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள், பஸ்ஸில் கொண்டுபோகும்போது பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

கேள்வி: அண்ணே, பயிர்ப் பாதுகாப்புக்கு வாங்கிய ஒற்றைக் குழல் துப்பாக்கி. தேர்தலுக்காக ஒப்படைத்துத் திரும்ப வாங்கியபோது நுனியில் இருந்த பித்தளை மணியைக் காணோம். ஊரில் வெல்டிங் கடையில் ஒரு பொட்டு வைத்துவிடலாமா?
— வாசகர், சாப்டூர்

பதில்: வெல்டிங் வேண்டாம் தம்பி. இந்த வகைக் குழலின் சுவர் நுனியில் மிக மெல்லிசு, வெல்டிங் பொட்டு வைத்தால் உள்ளே ஒரு கொப்புளம் எழும்பி நிற்கும், சுடும்போது அது குழலையே கிழிக்கலாம். மணி போன இடத்தில் சின்ன ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள், மரை தெரிந்தால் அதே அளவு மணியைத் திருகி வைத்தால் போதும். உரிமம் உள்ள கடையில் பழைய மணிகள் டப்பாவில் கிடக்கும். வைத்த பிறகு குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்க்கச் சொல்லுங்கள், திருகின் நுனி ஒரு இம்மி கூட உள்ளே நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது, இருந்தால் கழற்றி ராவ வேண்டும். அடுத்த முறை ஒப்படைக்கும்போது முன் சைட், பின் சைட், வார் எல்லாம் இருக்கிறது என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், நுனிக்கு ஒரு துணியும் சுற்றிக் கொடுங்கள். அப்புறம், அந்திக் கருக்கலில் மணி தெரியவில்லை என்று சாப்டூர் பக்கத்து ஆட்கள் எப்போதும் சொல்வார்கள், புது மணியின் பின்பக்கம் ஊசி முனையால் வெள்ளைப் பெயிண்ட் ஒரு பொட்டு வையுங்கள், நன்றாகத் தெரியும்.